நாலு கதவு வைத்த கணினி

லைனைத் துண்டிக்க வந்தவன் என்று தெரிந்ததும் செல்வலட்சுமி வாசல் நிலையில் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள்.

எம். புதுப்பட்டியில் விடியற்காலையிலிருந்து விடாத மழை. வந்தவனின் மழைக்கோட்டிலிருந்து நீர் ஒழுகியது. இமை முடியில் ஒரு துளி... விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் இருந்த கண்கள் சண்டைக்கு வந்தவனின் கண்கள் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு வசதியான முகமாக இருந்திருக்கலாம்...

அவன் பெயர் மாரீஸ்வரன். வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் சிவகாசிக் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன். இந்த வீட்டு லைனிலிருந்து மூன்று நாளாக எங்கெங்கோ உள்ள கணினிகளுக்குள் நுழைய முயற்சி நடப்பதாகப் புகார் வந்திருக்கிறது, இன்று மாலை ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் லைனை நிறுத்திவிடுவார்கள் என்று பணிவாகத்தான் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம்.

"உள்ள ஒரு சர்வர் ஓடுது போல. யாரு உங்களுக்குச் செட் பண்ணிக் குடுத்தது? அவரைக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்."

"அவரு இங்கனதான் நிக்காரு," என்றாள் செல்வலட்சுமி. "பேசுங்க."

துளி விழுந்தது.

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா முருகம்மாள், மழையில் நிறுத்தி வைத்து என்ன விசாரணை என்று மகளைக் கடிந்துகொண்டு, அவனை உள்ளே வரச் சொன்னாள்.

அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவில் அந்தக் கணினி இருந்தது. ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட பழைய பெட்டி. செல்வலட்சுமி சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசு லேபிள் வடிவமைக்கிறவள். அங்கே இன்று மின்பராமரிப்பு, அதனால் விடுமுறை. அவளாகப் படித்து, அவளாகத் தப்பு செய்து, அவளாகத் திருத்தி இந்தப் பெட்டியில் ஓர் இணையப் பக்கத்தை ஏற்றியிருந்தாள். தாயில்பட்டி, விஸ்வநத்தம், புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் எதில் இன்று வேலை உண்டு, எதில் இல்லை... அவ்வளவுதான் அந்தப் பக்கம். மழை பெய்தால் வெடிமருந்து காயாது, வேலை இருக்காது. அது தெரியாமல் பெண்கள் ரோட்டில் கம்பெனி வண்டிக்கு நனைந்து நின்றுவிட்டுத் திரும்புவார்கள். இப்போது போர்மேன்கள் விடியுமுன் அவளுக்குப் போன் செய்கிறார்கள். அறுநூறு பேர் பார்த்துவிட்டுத்தான் தூக்குவாளியை எடுக்கிறார்கள். லைன் போனால் நாளைக்கு அறுநூறு பேரும் மழையில் நிற்பார்கள்.

மாரீஸ்வரன் தரையில் உட்கார்ந்து ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு, இந்த முறை யோசித்து, மெதுவாகக் கேட்டான்: எல்லாக் கதவையும் திறந்து வைத்திருப்பது தெரிந்துதானா?

தெரிந்துதான். இணையத்தில் வந்துபோக ஒரு கணினிக்கு அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ரவுட்டர் எல்லாவற்றையும் சாத்தியே வைத்திருக்கும். வேண்டிய கதவை மட்டும் நாம் திறந்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடவும் ஓர் அமைப்பு உண்டு. அவள் அதைத்தான் போட்டிருந்தாள்.

"அம்மா, உங்க கம்பெனி ரூமுக்கு எத்தனை கதவு?" என்று அவள் கேட்டாள்.

"நாலு பக்கமும் நாலு," என்றாள், மழையால் இன்று பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகாத முருகம்மாள். "வேல நடக்கையில ஒண்ணையும் சாத்தக் கூடாது. சாத்துனா போர்மேன் வைவாரு."

"கேட்டீகளா? கதவு குறைஞ்சா ஆபத்துன்னு சொல்லித்தான் எங்க வீட்ல வளத்திருக்காக."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரித்தால் வெளியே போகச் சொல்லலாம் என்றும் நினைத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அந்த ரூமுக்கு அது சரிதான். நெருப்பு உள்ள, ஆளுக வெளிய ஓடணும். இங்க ஆபத்து வெளிய இருந்து வருது. உள்ள இருந்து ஓடுறதுக்கு ஆள் யாரும் இல்லையே..."

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்துவிட்டதே என்று கோபமும் வந்தது.

அவன் சர்வரின் பதிவேட்டைத் திறந்து காட்டினான். யார் வந்தார்கள், எந்த நேரத்தில், என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது... ஒவ்வொரு தட்டலையும் சர்வர் ஒரு வரியாக எழுதி வைக்கும். நேற்று மட்டும் பதினோராயிரம் தட்டல்கள். எல்லாம் உலகம் முழுக்கச் சுற்றும் தானியங்கி நிரல்கள்.

"நம்ம வீட்டுக்கா?" என்றாள் முருகம்மாள். "எங்கூடப் பொறந்தவளே வருசத்துக்கு ஒருக்கத்தான் வாரா."

அந்த நிரல்களில் ஒன்று கடவுச்சொல்லைச் சரியாக ஊகித்து நுழைந்துவிட்டது. செல்வலட்சுமி வைத்திருந்தது அம்மாவின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். இப்போது இந்தப் பெட்டி யாருக்கோ கூலியாளாக ஊர் ஊராகப் போய்க் கதவு தட்டுகிறது. நுழைந்தவர்கள் எங்கே எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடி முடியாது. முழுக்க அழித்துப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவன் சொன்னான்:

"எதுக்குக் கஷ்டம்... எங்க ஆபீஸ் மெஷின்லயே உங்க பக்கத்தை வச்சிருவோம். நாங்க பாத்துக்கிறோம்."

"இங்க இருந்தா அது என் பக்கம். உங்க ஆபீஸ்ல இருந்தா?" குரல் உயரவில்லை. கண்கள் மட்டும் ஈரமாகி, அதை அவனுக்குக் காட்டப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பின. "நீங்க கிளம்புங்க. நானே பாத்துக்கிறேன். முடியலைன்னா அஞ்சு மணிக்குத் துண்டிச்சுக்கோங்க."

மாரீஸ்வரன் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டான்.

"நான் எதையும் தொடலை. நீங்களே செய்ங்க. கேட்டா மட்டும் சொல்றேன்."

மணி ஒன்றேகால்.

அவள் முதலில் பக்கத்தின் எழுத்துகளையும் கம்பெனிப் பட்டியலையும் மட்டும் நகலெடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தாள். மற்றதையெல்லாம் அழித்தாள். அழிக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது... அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக ஏற்றி, எல்லாவற்றையும் புதுப்பித்து, இனித் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தாள். கடவுச்சொல்லால் நுழைவதையே நிறுத்தினாள். அதற்குப் பதில் ஒரு ஜோடிச் சாவி. பாதி சர்வரில், பாதி அவளிடம். அவளிடம் உள்ள பாதி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, ஊகிக்கவும் முடியாது. சர்வரை வீட்டின் மற்ற கருவிகளிலிருந்து பிரித்துத் தனி வலையில் போட்டாள். நாளைக்கே ஒருவன் நுழைந்தாலும் அம்மாவின் போன்வரை வர முடியாது. கடைசியாக ரவுட்டரில் எல்லாக் கதவையும் சாத்தி, ஒன்றே ஒன்றைத் திறந்தாள். பக்கம் பார்க்க வருகிறவர்களுக்கானது. நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாத பூட்டுப் போட்ட கதவு.

இடையில் அவள் ஒன்பது கேள்விகள் கேட்டாள். ஒன்பதுக்கும் அவன், அப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தவன் போலப் பதில் சொன்னான். நாலாவது கேள்வியிலேயே அவள் கோபத்தை மறந்துவிட்டாள்.

நாலரைக்குத் தன் போனில் பக்கத்தைத் திறந்து காட்டினாள். வீட்டு வைஃபையில் பார்ப்பது கணக்கில்லை, வெளியாளாக நின்று பார்க்க வேண்டும் என்றான். வீட்டுக்குள் அவன் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. மழைக்கோட்டை மறந்து, தூறலில் இறங்கித் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனான்.

அவள் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி வந்தது. முதல் பக்கம் கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. பிறகு சற்று நேரம் அமைதி. மற்றக் கதவுகளைத் தட்டிப் பார்க்கிறான் போல. ரவுட்டரே திருப்பி அனுப்புவதால் சர்வருக்கு அது தெரியவே இல்லை.

அப்புறம் ஒரு வரி. இல்லாத பக்கத்தின் முகவரி ஒன்றை, ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்திருந்தான்.

சாப்பிட்டீகளா. சர்வரின் பதில்: இல்லை.

இல்லாத பக்கத்தைக் கேட்டாலும் பதிவேட்டில் வரி விழும் என்று அவனுக்குத் தெரியும். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றும் தெரியும்... அவளுக்குச் சிரிப்பு வந்தது.

யாரு-செஞ்சதுன்னு-கேட்டது-தப்பு. இல்லை.

ஆபீஸ்ல-வைப்போம்னதும்-தப்பு. இல்லை.

ஒரு நிமிடம் எதுவும் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். தொட்டியடியில் அவன் போனைச் சட்டையால் துடைத்துவிட்டுத் திரும்ப அடித்தான்.

உங்களைப்-புடிச்சிருக்கு.

அப்படி ஒரு பக்கம் இல்லை என்று சர்வர் உண்மையைச் சொல்லிவிட்டது. அவன் அந்த 'இல்லை'யைப் பார்த்தபடியே நின்றான். மழை அவன் தோளில் பெய்தது. மணி நாலு ஐம்பத்தொன்று.

செல்வலட்சுமி விசைப்பலகையை இழுத்தாள். அதே பெயரில் ஒரு பக்கம் உண்டாக்கினாள். இரண்டே வரி. சேமித்தாள். திரும்பக் கேட்பானா... கேட்காமல் போனைப் பைக்குள் போட்டுவிடுவானா... வாசலுக்கு ஓடிக் கூப்பிடலாம். கால் எழவில்லை.

பதிவேட்டில் ஒரு வரி நகர்ந்தது. உங்களைப்-புடிச்சிருக்கு. கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது.

அதில் அவள் எழுதியிருந்தது:

"எனக்கும்.
மொதல்ல உங்க ஆபீஸுக்குப் போன் போடுங்க, அஞ்சாகப் போகுது."

அவன் போனைக் காதில் வைப்பது தெரிந்தது. யாரிடமோ நிமிர்ந்து நின்று பேசினான். சரியாகிவிட்டது, லைன் இருக்கட்டும் என்று தலையசைப்பே சொன்னது. பிறகு போனைக் கீழே இறக்கி, குனிந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் அதே பக்கத்தை, அதே ஆள், பதினான்கு முறை கேட்டிருந்தான். பதினான்கு முறையும் கொடுக்கப்பட்டது.