சங்கு ஊதியபின் நகரும் புள்ளி

சனிக்கிழமை மதியம் சந்தைக்குப் போய்விட்டுப் பேருந்தில் வந்து இறங்கினேன். கையில் ஒரு பை மாவு, டின் மீன், மெலேவுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட். வீட்டு வாசலில் என் தங்கை வாவோசாவின் கல்லறை. சிமெண்ட் பூசி முடித்து, ஓடு ஒட்டாமல் கிடந்தது. அதன் மேல் அவள் மகள் மெலே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் சவாயி தீவில் பிள்ளைகள் கல்லறை மேல்தான் உட்கார்ந்து விளையாடும். செத்தவர்களைத் தனியாக விடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

"பெரியம்மா, அம்மாவைக் காணோம்," என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டின் நடுத்தூணில் சார்ஜர் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வாவோசாவின் போனைக் காணோம். எங்கள் வீடுகளில் தூண்கள்தான் உண்டு, சுவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் கையை நீட்டி எடுத்திருக்கலாம்.

பழைய போன்தான். விற்றால் ஒன்றும் தேறாது. ஆனால் கடல் தாண்டி, தலைநகர் ஆப்பியா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது வாவோசா அதில் ஒரு தாலாட்டைப் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். தன் மகளுக்காக அவளே கட்டிய பாட்டு. "கடல் தூங்குது, கரை தூங்குது, நீ கண்ணை மூடினா அம்மா..." என்று வந்து, அங்கே இருமலோடு நின்றுவிடும். மீதியை அவள் பாடவே இல்லை. அந்த அரைப் பாட்டைக் கேட்டால்தான் மெலே சாப்பிடுவாள், தூங்குவாள். ஐந்து வயதுப் பிள்ளை. அன்று இரவு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரும் இறங்கவில்லை. பிள்ளை என் கண் முன்னால் வாடிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, ரோட்டோரத்து ஈரப்பலா மரத்தடியில் ஒரு கோழி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டுப் பார்த்தால் சிம் கார்டு.

என் தம்பி ஃபிலிப்போ அதை விரலில் வைத்துப் பார்த்துச் சிரித்தான்.

"சிம்மைக் கழட்டிட்டா தப்பிச்சிடலாம்னு நெனச்சிருக்கான் பாரு, மடப்பய! சிம் இல்லேன்னா கால்தான்க்கா வராது. போன் உயிரோட இருந்தா, பக்கத்துல எந்தப் போன் இருக்கோ அது காதுல 'நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டேதான் இருக்கும். வாவோசா கணக்குக்குள்ள போயிட்டா மேப்புல புள்ளி தெரியும்."

"பாஸ்வேர்டு வேணுமேடா?"

"மெலே பேரைத் தவிர வேற எதை வச்சிருக்கப் போறா?"

அவன் சொன்னது சரிதான். என் போனில் வரைபடம் திறந்தது. எங்கள் ரோடு, சர்ச், கடற்கரை எல்லாம் தெரிந்தன. புள்ளியைத்தான் காணவில்லை. பகல் முழுக்கப் பார்த்தேன். வரவில்லை.

பொழுது சாய்ந்தது. முதல் சங்கு ஊதியது.

எங்கள் ஊரில் இது சா நேரம், மாலை ஜெபத்துக்காக ஊரே அடங்குகிற நேரம். முதல் சங்குக்கு எல்லாரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். இரண்டாவது சங்குக்கு ஜெபம். மூன்றாவது ஊதும்வரை ரோட்டில் ஒரு ஆள் நடக்கக் கூடாது, வாய்விட்டுப் பேசக் கூடாது. மீறினால் ஊர்ப் பெரியவர்கள் அபராதம் போடுவார்கள். யாரும் மீறாதபடி இளவட்டங்கள் ஆளுக்கோர் இடத்தில் காவல் நிற்பார்கள். கடற்கரை முனையில் ஃபிலிப்போ. சர்ச் திருப்பத்தில் பக்கத்து வீட்டு செமிசி.

இரண்டாவது சங்கு. எல்லாரும் தலை குனிந்தோம். எனக்கு மனசு ஜெபத்தில் இல்லை. மடியில் போனை வைத்து ஓரக்கண்ணால் பார்த்தேன்.

புள்ளி வந்துவிட்டது.

கடற்கரை முனையில், ஃபிலிப்போ நிற்கிற இடத்திலேயே இருந்தது. மெல்ல நகர்ந்தது. நடந்து பழகாத ஆள் நடப்பது போல விட்டுவிட்டு நகர்ந்து, சர்ச் திருப்பத்துக்கு வந்து, செமிசியை ஒட்டி நின்று, மறைந்தது.

மூன்றாவது சங்கு ஊதியதும் ரோட்டுக்கு ஓடினேன்.

"உன்னைத் தாண்டி யாருடா போனது?"

"யாரும் போகலக்கா. ஒரு கோழி கூடப் போகல." ஃபிலிப்போ ஒரு நொடி தயங்கினான். "பாறை வாடை மட்டும் அடிச்சுது. தண்ணி வத்தி இறங்கினா கடல்ல அடிக்குமே, அந்த வாடை. ஆனா தண்ணி இப்ப ஏறிக்கிட்டுல்ல இருக்கு?"

புள்ளி செமிசியை ஒட்டி நின்று மறைந்ததைச் சொன்னேன். நேராகப் போய் செமிசியின் சட்டையைப் பிடித்தான். செமிசி எதிர்க்கவே இல்லை. யாராவது வந்து பிடிக்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான்க்கா எடுத்தேன். மரத்தடியில வச்சு சிம்மைக் கழட்டினேன். கழட்டினதும் பாட ஆரம்பிச்சுது. ஆஃப் பண்ணினேன். திரும்பப் பாடுச்சு. பயந்துபோய் அன்னைக்கே படகுல போயி, பாறைக்கு அந்தாண்ட ஆழத்துல வீசிட்டேன்."

"பொய் சொல்லாதடா. கடல்ல கெடக்கிற போன் ரோட்டுல எப்படிடா நடக்கும்?"

செமிசி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அத ஏங்கிட்ட கேக்காதக்கா. இப்ப என் பக்கத்துல வந்து நின்னுச்சு. இருமுச்சு."

ஃபிலிப்போ அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஆனால் அடிக்கவில்லை.

மறுநாள் புள்ளி இன்னும் கிட்டே வந்தது. சர்ச் திருப்பத்தைத் தாண்டி, ஈரப்பலா மரம்வரை வந்து நின்றது. அங்கே காவல் யாரும் இல்லை. அது காதுக்குள் சொல்லிக்கொள்ள அங்கே இருந்த ஒரே போன் என் மடியில் இருந்தது.

மெலே ஜெபத்தில் கண்ணை மூடாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகச் சிரிக்காத பிள்ளை, சிரித்தாள்.

"அம்மா நனைஞ்சிருக்கா," என்று கிசுகிசுத்தாள்.

மூன்றாவது சங்கு ஊதியதும் எழுந்துபோய், சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைக் கவுனை எடுத்து மடித்தாள். ஓலைக்கூடையில் வைத்தாள். அதன் மேல் தன் சீப்பை வைத்தாள்.

"எங்கடி கெளம்புற?"

"அம்மா நாளைக்குக் கூட்டிட்டுப் போக வர்றா."

அதுவரை நான் தொலைந்துபோன பாட்டுக்காகத்தான் அழுதுகொண்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து பாட்டும் வேண்டாம், போனும் வேண்டாம், இந்தப் பிள்ளை மிஞ்சினால் போதும் என்றாகிவிட்டது. ஆப்பியாவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று விடிந்ததும் படகுத்துறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடல் சீற்றம், இன்று படகு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடலே வழியை மறித்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

அன்று முதல் சங்குக்கு முன்பே இடுப்பில் சுற்றிக் கட்டுகிற ஒரு லாவாலாவாத் துணியைக் கிழித்து, மெலேவின் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினேன். ஓலைத் தட்டிகளை எல்லாப் பக்கமும் இறக்கிவிட்டேன். ஃபிலிப்போ இடம் மாற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு நேரே ரோட்டில் வந்து நின்றான்.

இரண்டாவது சங்கு.

ஊர் அடங்கியது. நாய்கூடக் குரைக்கவில்லை.

புள்ளி மரத்தடியில் இருந்தது. பிறகு வேலியில். பிறகு எங்கள் வாசலில்.

கல்லறையின் மேல் வந்து நின்றது.

பாறை வாடை தட்டிகளின் இடுக்கு வழியே உள்ளே வந்தது. ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்டது. மழை இல்லை.

போனில் 'ஒலி எழுப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பொய்யாக இருக்கட்டும், சத்தம் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அழுத்தினேன்.

வெளியே மணி அடித்தது.

மணிக்கட்டில் துணி இழுபட்டது. மெலே எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையின் இழுப்பு இல்லை அது. என்னைப் பாயோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். தட்டியைத் தள்ளினாள். இருவரும் வெளியே வந்து நின்றோம்.

சா நேரத்தில் நான் வெளியே வந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

ரோட்டிலிருந்து ஃபிலிப்போ கையை ஆட்டினான். பேசாதே, உள்ளே போ என்றான் சாடையில். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனும் கல்லறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்லறையின் மேல் ஒருவரும் இல்லை.

ஆனால் காய்ந்த சிமெண்டின் மேல் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. யாரோ உட்கார்ந்திருக்கிற அளவுக்கு. விளிம்பிலிருந்து நீர் சொட்டியது. மணி நின்று, பாட்டு தொடங்கியது. கடல் தூங்குது, கரை தூங்குது. மெலே கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு இன்னோர் அடி வைத்தாள்.

நான் மண்ணில் விழுந்து பிள்ளையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஊரே கேட்கும்படி கத்தினேன்.

"வாவோசா! வேணாண்டி! பால் பல்லு கூட விழாத பிள்ளைடி இது! இப்ப கூட்டிட்டுப் போகாத! எங்கிட்ட விட்டுவையி, உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்!"

பாட்டு நின்றது.

எப்போதும் இருமல் வருகிற இடம். இருமல் வரவில்லை. யாரோ யோசிப்பது போல ஓர் அமைதி.

பிறகு மூன்றாவது சங்கு ஊதியது. மெலே என் தோளில் சரிந்தாள். நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள். கல்லறையின் மேல் போன் கிடந்தது, பாசியும் மணலுமாக.

சா நேரத்தை மீறியதற்கு ஊர்ப் பெரியவர்கள் எனக்கு ஒரு பன்றி அபராதம் போட்டார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. கத்தியதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஃபிலிப்போ போனைத் திறந்து பார்த்தான். உள்ளே உப்புநீர், பச்சை பிடித்த தகடு, ஒரு குட்டி நண்டு. "இது வீசின அன்னைக்கே செத்திருக்கும்க்கா," என்றான். அதைக் கல்லறைக்குள் வைத்துப் பூசி, மேலே ஓடு ஒட்டிவிட்டோம். செமிசிதான் முழங்காலிட்டு ஒவ்வோர் ஓடாக ஒட்டினான்.

மெலே தேறிவிட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டாள், ஓடினாள், என் மடியில் தூங்கினாள். பாட்டைக் கேட்டு அடம் பிடிக்கவே இல்லை. என் வேண்டுதலைத் தங்கை கேட்டுவிட்டாள் என்று நான் கல்லறைக்குப் பூமாலை போட்டேன். மாதங்கள் ஓடின. தினமும் சா நேரத்தில் வரைபடத்தில் புள்ளி கல்லறையின் மேல் வந்து நிற்கும். காவல் இருக்கிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பழகியும் போயிற்று.

போன வாரம், ஜெபத்தில் எல்லாரும் தலை குனிந்திருந்தபோது, மெலே வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். அதே தாலாட்டு. இருமல் வருகிற இடத்தில் அவள் நிற்கவில்லை. நாங்கள் யாரும் கேட்டிராத மீதிப் பாட்டைத் தங்குதடையில்லாமல் பாடினாள்.

"நீ கண்ணை மூடினா அம்மா
கரையிலயே காத்திருப்பேன்.
பால் பல்லு விழும் மட்டும்
பெரியம்மா மடியில் தூங்கு.
பல்லு விழுந்த பொழுதில்
அம்மா மடிக்கு வா."

"யாருடி சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

மெலே வாசலைப் பார்த்தாள்.

நேற்றுக் காலை பிஸ்கட்டைக் கடித்தவள் முகத்தைச் சுளித்தாள். பிறகு சந்தோஷமாக ஓடிவந்து எனக்கு வாயைத் திறந்து காட்டினாள்.

கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது.