நண்டு நாட்டின் இரண்டு தலைவர்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் ஒரு நாடு இருக்கிறது. கடல் வற்றினால் தெரியும், ஏறினால் முழுகிப்போகும். பெயர் நண்டு நாடு. அதை விளையாட்டாக உருவாக்கியவர்கள் தோழிகள் தாரிணியும் அபர்ணாவும்.

கொடி தைத்தது தாரிணி. சட்டம் எழுதியது அபர்ணா. யார் அதிபர் என்பதில்தான் இரண்டு மாதமாகச் சண்டை.

சனிக்கிழமை தமிழ் வகுப்பில் ரத்னா டீச்சர், "உங்களுக்குன்னு ஒரு நாடு இருந்தா எப்படி இருக்கும்? சொல்லுங்க. தமிழ்ல மட்டும்!" என்றார்.

தாரிணி மதுரையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அபர்ணா ஆக்லாந்திலேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேச வராது.

தாரிணி எழுந்து வெளுத்து வாங்கினாள். "எங்க நாட்டுல நண்டுங்கதான் குடிமக்கள். நண்டு வளையை மிதிக்கக் கூடாது. அதுதான் முதல் சட்டம்!"

"அருமையா இருக்கே! யார் எழுதினது?"

"நான்தான் டீச்சர். அதனால நான்தான் அதிபர்."

எல்லோரும் கைதட்டினார்கள். அபர்ணா எழுந்தாள். "இல்ல... அது... நான்..." அதற்குமேல் தமிழ் வரவில்லை. காது சிவக்க உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் தாரிணியின் சட்டையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினார். தாரிணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அபர்ணாவால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்துதானே பொய் சொன்னாள்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் ஸ்டிக்கரைப் பிய்த்தாள். "டீச்சர், நான் பொய் சொல்லிட்டேன். சட்டம் எழுதினது அபர்ணா. அவ இங்கிலீஷ்லயே சொல்லட்டும், நான் தமிழ்ல சொல்றேன்."

அபர்ணா மெதுவாகச் சொல்ல, தாரிணி கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். "நண்டுங்க நமக்கு முன்னாடியே இங்க இருக்கு. நாமதான் விசிட்டர் விசால வந்தவங்க. அதான் பார்த்து நடக்கணும்."

டீச்சரே சிரித்துவிட்டார். அபர்ணா சிரிக்கவில்லை.

மாலையில் கடல் வற்றியது. அபர்ணா நோட்டில் புதிதாக ஒரு சட்டம் எழுதி நீட்டினாள். 'பொய் சொன்ன தலைவர் பத்துக் குடிமக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.'

தாரிணி சேற்றில் மண்டியிட்டாள். "சாரி!" நண்டு வளைக்குள் ஓடியது.

"நெக்ஸ்ட்!" என்றாள் அபர்ணா.

ஒன்பது நண்டுகளும் ஓடி ஒளிந்தன. பத்தாவதைத் தாரிணி தேடவில்லை. அபர்ணாவிடம் திரும்பினாள்.

"சாரி, அபர்ணா."

அபர்ணா ஓடவில்லை. கொடிக்கம்பின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை நீட்டினாள்.

"பிடி, கோ-பிரசிடென்ட்!"