போர்டில் இல்லாத பெயர்

மூன்று மாதம் காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, குடியிருந்த வீட்டைக் காலி செய்வதற்காக மானசா படூருக்குத் திரும்பியபோது மாலை ஐந்து மணி. டிசம்பர் வெளிச்சம் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஏரிக்கரைக் குடியிருப்பில் மொத்தம் நாற்பது வீடுகள்தான். ஆனால் அதைக் கட்டியவர்கள், மனுஷன் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு கட்டியிருந்தார்கள். நடைபாதை, சைக்கிள் பாதை, பறவை பார்க்க ஒரு மேடை, மீன் பிடிக்க ஒரு மேடை, சாயங்காலமானால் ஸ்பீக்கர் வைத்து ஜும்பா. எல்லாவற்றுக்கும் மேலாகப் படகு.

படகுத்துறையில் ஒரு வெள்ளை போர்டு உண்டு. ஏரியில் இறங்குகிறவர் தன் பெயரை அதில் எழுத வேண்டும், திரும்பியதும் தானே அழிக்க வேண்டும். போர்டு காலியானால் படகுக்காரர் தேவசகாயம் கேட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம். எழுதுவதில் இருந்த ஆசை அழிப்பதில் யாருக்கும் இருந்ததில்லை. மறந்தவர்களின் மானத்தைச் சங்கச் செயலாளர் பட்டாபி வாட்ஸ்அப் குழுவில் வாங்குவார். உடனே வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து அழித்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் மனைவிமார்கள்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பட்டாபி போட்டார்: "பதினாலாம் நம்பர் வீடு, போர்டில் இன்னும் பெயர் இருக்கிறது."

மானசாவின் கணவன் ஹரிசங்கர் வெள்ளிக்கிழமைகளில் படகு விட்டுவிட்டு, கிளப்ஹவுஸிலேயே குளித்து, அங்கிருந்தே சிறுசேரிக்கு நைட் ஷிப்ட் வண்டி ஏறிவிடுவான். வழக்கம்போல மறந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ஐந்து ஐம்பதுக்குப் போய்ப் பெயரை அழித்தாள். தேவசகாயம் போர்டை மட்டும் பார்த்துவிட்டு, படகுகளை எண்ணாமல் பூட்டினார். மறுநாள் காலையில் எதிர்க்கரைக் கோரைக்குள் படகு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஹரி.

எத்தனை மணிக்கு உயிர் போயிற்று என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மானசாவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். அவள் அழித்தபோது அவன் உயிரோடு இருந்தானா, இல்லையா? அழுகை எப்போதோ மரத்துப்போயிற்று. இந்தக் கேள்வி மட்டும் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் கூடவே இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே படகுத்துறைக்கு வந்தாள். தேவசகாயம் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இன்னாமா... எப்ப வந்தீங்க?"

"இப்பதான். அண்ணா, அந்தக் கோரைகிட்டேர்ந்து பாத்தா இந்த போர்டு தெரியுமா?"

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குமா?"

"நான் போய்ப் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் முகத்தில் எதுவுமே இல்லாததைப் பார்த்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். "போன வாரந்தான் படகுத்துறைய மறுபடி தொறந்தாங்க. ஒருத்தரும் வர்ல. இத்த மட்டும் கய்ட்டாதீங்க. நான் இங்கதான் ஷெட்டுல கீறேன்."

போர்டில் தன் பெயரை எழுதிவிட்டு அவள் படகில் ஏறினாள்.

ஏரி பாசி நாற்றம் அடித்தது. துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கொக்குகள்கூட அடங்கிவிட்டிருந்தன. கோரையை நெருங்கியதும் படகைத் திருப்பினாள்.

போர்டு தெரிந்தது.

துறை விளக்கின் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. அதன் முன்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பச்சை நைட்டி, தோளில் துண்டு, இடது கையில் போன்.

அது மானசாவின் நைட்டி.

அது மானசாதான்.

கரையில் நின்றவள் போனைப் பார்த்தபடியே டஸ்டரை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஜும்பா ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது.

கோரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மிகப் பக்கத்தில். தண்ணீர் குடித்துக் கம்மிப்போன குரல்.

"மானு... அழிக்காத. நான் இன்னும் வரல."

கரையில் நின்றவள் ஏரிப் பக்கம் திரும்பவே இல்லை.

அழித்தாள். போய்விட்டாள்.

ஆக, பதில் கிடைத்துவிட்டது. மானசாவுக்கு அலறத் தோன்றவில்லை. கோரையை விலக்கி, "ஹரி, கையக் குடு" என்று தண்ணீருக்குள் கையை விட்டாள். சில்லென்ற தண்ணீரைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. குரல் மட்டும் அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

எப்படிக் கரை சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. துறையில் யாரும் இல்லை. போர்டும் வெறுமையாக இருந்தது. தேவசகாயம் சாவியோடு ஷெட்டிலிருந்து வந்தார்.

"என் பேர நீங்க அழிச்சீங்களா?"

"நான் போர்டுகிட்டயே போவலியேமா."

அப்போது ஏரிக்குள்ளிருந்து குரல் மறுபடி கேட்டது.

தேவசகாயத்துக்கும் கேட்டது. அவர் கை தானாகச் சிலுவை போட்டது. கண் மட்டும் ஏரிக்குப் போகவில்லை, போர்டுக்குப் போயிற்று. எட்டு வருஷப் பழக்கம் அது.

"போர்டுல பேரு இல்லமா," என்று கிசுகிசுத்தார். "யாரும் இல்ல."

கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மானசா கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். ஜும்பா முடிந்தது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அவளைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்துவிட்டுக் கடந்து போனார்கள். ஒருவர் முகத்திலும் எதையும் கேட்ட அடையாளம் இல்லை. குரல் முதலில் அவளைக் கூப்பிட்டது. பிறகு தேவசகாயத்தை. பிறகு, யாராவது வாங்க என்றது. அதற்கப்புறம் வார்த்தை போய்ச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அவன் எவ்வளவு நேரம் கூப்பிட்டான் என்பதையாவது கடைசிவரை கேட்டுவிட வேண்டும் என்று அவள் எழுந்திருக்காமல் இருந்தாள்.

அது ஓய்ந்தபோது மணி ஒன்பது இருபது.

மறுநாள் ஐந்து ஐம்பதுக்கு மறுபடியும் ஆரம்பித்தது.