எழுவாய் இல்லாத கேள்வி

செவ்வாய்க்கிழமைதோறும் தென்காசி நாணமாற்றகத்தில் வெட்கம் கைமாறும். ஆண்கள் தலை குனிந்து உள்ளே போவார்கள், அரை மணி நேரத்தில் நிமிர்ந்து வெளியே வருவார்கள். கூடப் போன பெண்கள் நிமிர்ந்து போய்க் குனிந்து வருவார்கள். வாசலில் இளநீர் விற்பவர் குனிந்து வருகிறவர்களுக்குத்தான் முதலில் வெட்டிக் கொடுப்பார்.

எல்லாம் பத்து வருடங்களுக்கு முன் நடந்த ஓர் ஆய்வினால் வந்தது. குடிப்பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தேடிப் போனவர்கள் கடைசியில் வெட்கத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். குடித்தவன் வெட்கப்படுகிறான், வெட்கத்தை மறக்க மறுபடியும் குடிக்கிறான். வெட்கத்தை எடுத்துவிட்டால் செக்குமாடு நின்றுவிடும். நெற்றியில் ஒரு வளையம், பிடரியில் ஒரு வில்லை என்று நாணமாற்றி பிறந்தது, சொன்னபடியே எடுத்தும் காட்டியது. ஆனால் எடுத்ததை அழிக்க முடியவில்லை. இன்னொரு மூளையில்தான் இறக்கிவைக்க முடிந்தது. வாங்கிக்கொள்கிறவருக்கு ‘நாணந்தாங்கி’ என்று அழகாகப் பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டுவதில் நாம் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

மனைவி, தாய், அக்கா என்று தாங்கிகள் வந்து குவிந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், “பையனுக்குத் தாங்கி யாரு?” என்று கேட்பது சகஜமாயிற்று. குடி வாசனையே அறியாதவர்கள்கூட, அதிலும் பதவியில் இருந்தவர்கள், வேறு காரணங்களுக்காக வரிசையில் முண்டியடித்தார்கள்.

சங்கரகோமதி அந்த மாற்றகத்தின் ஆய்வாளர், முதன்முதல் தாங்கிகளில் ஒருத்தியும்கூட. எட்டு வருடங்களுக்கு முன் அவள் கணவர் ஆவுடைநாயகம் ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில், மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து, சாம்பார் வாளியோடு இலைகளின் மேல் விழுந்தார். அந்த வெட்கத்தைத்தான் கோமதி வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு அவர் குடியைத் தொடவில்லை, உண்மை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். வாளி பாதி காலியான பிறகு விழுந்ததால் பாதிப் பேர் தப்பித்தார்கள் என்று முடிப்பார். தானே விழுந்தவள் போல முகம் எரிய, கோமதி அடுக்களைக்குள் போய்விடுவாள். அங்கே உளுந்து டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிராந்தி பாட்டில் இருந்தது. சளிக்கு. அவளுக்கு எட்டு வருடமாகச் சளி.

வருகிற வெள்ளிக்கிழமை சென்னையில் சட்டக் குழு கூடவிருந்தது. நாணமாற்றி எல்லா மாவட்டங்களுக்கும் போகப்போகிறது. இனி மனைவி தனியாகக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, திருமணப் பதிவையே தாங்கியின் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது வரைவு. ‘தாங்கிகளுக்குத் தீங்கில்லை’ என்ற ஒரே ஓர் அறிக்கையை நம்பித்தான் அந்தச் சட்டம் நின்றது. அது கோமதியின் அறிக்கை. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தாங்கிகளிடம் ‘தற்போது குடி உண்டா?’ என்று கேட்டிருந்தார்கள். அறுபது பேர் தவிர எல்லோரும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தச் செவ்வாயன்று ஆண்டுப் பரிசோதனைக்கு முப்பிடாதி வந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள், ஐந்து வருடமாகப் புருஷனுக்குத் தாங்கி. கையெழுத்துப் போடக் குனிந்தபோது வாசனை வந்தது. சளிக்காரி கோமதிக்கு அது தெரியாமல் இருக்குமா? படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். போன மாதம்தான் ‘இல்லை’ என்று பதிந்திருந்தது. ஏன் மாற்றிச் சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

“நான் ஒண்ணும் மாத்திச் சொல்லலம்மா,” என்றாள் முப்பிடாதி. “குடி உண்டான்னு கேட்டாவ. அவுகதான் விட்டுட்டாவளே, இல்லன்னு சொன்னேன். நான் குடிக்கேனான்னு ஒருத்தரும் கேக்கலியே.”

படிவத்திலிருந்த கேள்வியைக் கோமதி மறுபடியும் படித்தாள். அந்தக் கேள்வியை எழுதியவள் அவள்தான். சுருக்கமாக இருக்கட்டும் என்று எழுவாயை விட்டிருந்தாள். தமிழ் அதற்கு இடம் கொடுக்கிற மொழிதான். ஆனால் நம் ஊரில் ஒரு பெண்ணிடம் போய் ‘குடி உண்டா?’ என்றால் அவள் நினைப்பு வீட்டுக்காரரிடம்தான் ஓடும். கேட்கப் போன களப்பணியாளர்களும் பெண்கள்தான், அவர்களுக்கும் சந்தேகம் தட்டவில்லை. நாலாயிரம் பெண்கள் தங்கள் கணவர்கள் திருந்திவிட்டதைச் சந்தோஷமாகச் சொல்ல, அதைப் பெண்களின் ஆரோக்கியம் என்று அவள் கூட்டிக் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் அவளே முப்பது தாங்கிகளைத் தொலைபேசியில் அழைத்தாள். ‘நீங்கள்’ என்ற ஒரே சொல்லை மட்டும் சேர்த்துக் கேட்டாள். ஒன்பது பேர் இணைப்பைத் துண்டித்தார்கள். ஐந்து பேர் கோபப்பட்டார்கள். பதினாறு பேர் ஆமாம் என்றார்கள். அதில் நான்கு பேர் சளிக்கு என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் தன் படிவத்தைத் தேடி எடுத்தாள். ‘இல்லை’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. பொய் என்று நினைத்து எழுதவில்லை. எழுதும்போது ஆவுடைநாயகத்தைத்தான் நினைத்திருந்தாள். கேள்வியை எழுதியவளுக்கே அது தன்னைக் கேட்கிறது என்று தோன்றவில்லை.

காது மடல் வரை சூடேறியது. எட்டு வருடமாக அடுத்தவர் வெட்கத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது வேறு என்று உடனே தெரிந்தது. இதில் பந்தியும் இல்லை, வாளியும் இல்லை. முழுக்க அவளுடையது. கேவலமாக இருந்தது. மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

வீட்டில் கணவரிடம் பாட்டிலை எடுத்துக் காட்டிச் சொல்லிவிட்டாள். அவர் அன்பாகத்தான் கேட்டுக்கொண்டார்.

“இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? குடிச்சா குடிச்சிட்டுப் போயேன்,” என்றார். பிறகு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை குழுவின் முன் நின்றாள். ஒன்பது பேர். ஒன்பது பேருமே நாணமாற்றியில் உட்கார்ந்து எழுந்தவர்கள், முகங்கள் கழுவிவைத்த வெண்கலப் பாத்திரம் போலப் பளபளத்தன. தன் அறிக்கை தவறு, சட்டத்தை நிறுத்துங்கள் என்றாள். முப்பது பேரின் கணக்கைச் சொன்னாள். பிறகு தானும் குடிப்பதாகச் சொன்னாள். ஓர் ஆய்வாளர், அதுவும் ஒரு பெண், ஊரறியச் சபையில் சொல்கிறாள். யாராவது முகம் சுளிப்பார்கள், யாராவது ஒருவராவது தலை குனிவார் என்று காத்திருந்தாள். ஒருவர் பிஸ்கட் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் நகர்த்தினார்.

“உங்க நேர்மையப் பாராட்டுறோம்மா,” என்றார் தலைவர். “ஆம்பளைங்க குடி குறைஞ்சிருக்கா?”

“குறைஞ்சிருக்கு.”

“அப்ப யந்திரம் நல்லாத்தான் வேலை செய்யுது.”

ஒன்பது கைகளும் உயர்ந்தன. தாங்கிகளின் குடி பற்றித் தனியாக ஓர் ஆய்வு பின்னால் செய்யலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். தங்களைப் பார்த்து அவள் ஏன் அப்படி நிற்கிறாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய இடத்தைத்தான் எப்போதோ காலி செய்து கொடுத்துவிட்டார்களே.

காகிதங்களை அவள் ஒழுங்கில்லாமல் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது தலைவர் எழுந்து வந்தார். அவர் குரலில் உண்மையிலேயே இரக்கம் இருந்தது.

“எவ்வளவுதாம்மா ஒரே ஆளு சுமப்பீங்க? நீங்களும் இறக்கி வச்சிருங்க, அடுத்த செவ்வாயே ஏற்பாடு பண்ணச் சொல்றேன். வீட்ல வேற பொம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?”

பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் கோமதிக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகள் இருந்தாள்.

“யாரும் இல்ல,” என்றாள்.

குழுவின் எழுத்தர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.