செரிகலனின் நெஞ்செரிச்சல்

செவ்வாய்க் கோளில் விருந்துக்குப் போனவர்கள் கழிப்பறைக்குப் போகாமல் வீடு திரும்பினால் அது பெரிய அவமரியாதை. சிரிக்காதீர்கள். "சாப்பிட்டது இங்க, குடுக்கிறது உங்க வீட்லயா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள். அங்கே விறகுக்கு மரமில்லை, கரியில்லை, வெயிலும் அரைகுறை. வயிற்றிலிருந்து போவதும் சமையலில் மிஞ்சுவதும் குழாய் வழியே தரைக்கடியிலிருக்கும் செரிகலனுக்குப் போகும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்று செரித்து எரிவளியை விடும். அடுப்பெரிவதும் அறை சூடாவதும் அதனால்தான்.

திலகவதியின் வீட்டில் ஒரே ஒரு விருந்தாளிக்கு மட்டும் அந்த உபசாரம் கிடையாது. அவள் மாப்பிள்ளை கடலரசனுக்கு.

திலகவதி கீரைக் குமிழின் தலைவி. குமிழ்போன்ற கண்ணாடிக் கூரையின் கீழ் கீரையும் கிழங்கும் நெல்லும் வாழையும் விளைவித்து, அதையே உண்டு வாழ்கிறவர்கள் அவர்கள். சுரங்கப் பாதைக்கு அந்தப் பக்கம் மீன் குமிழ். தொட்டிகளில் மீன் வளர்க்கிறவர்கள். இரண்டுக்கும் குழாய் வேறு, செரிகலன் வேறு. மீன் தின்றவர்கள் கழிவிலிருந்து வரும் நெருப்பில் எங்கள் சோறு வேகக் கூடாது என்பது கீரைக் குமிழின் சட்டம். மகள் உமையாள் அந்தப் பக்கத்துப் பையனைக் கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவளைப் பார்க்கக் கடலரசன் வருவான். கொஞ்ச நேரமானதும் திலகவதி கதவருகே போய் நின்றுகொள்வாள்.

"மாப்பிள்ளை, அவசரம்னா இப்பவே கிளம்பிடுங்க. சுரங்கத்துல கூட்டமா இருக்கும்."

"சரிங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போவான்.

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது. பெண். வெதுப்புத் தொட்டிலில் வைத்தார்கள். அந்தத் தொட்டிலுக்குச் சூடும் எரிவளியிலிருந்துதான். அந்தச் சமயம் பார்த்து, அடுப்பில் சுடர் மஞ்சளித்துக் குன்றத் தொடங்கியது.

செரிகலனுக்குப் பேசத் தெரியும். திலகவதி அதனிடமே கேட்டாள்.

"என்னப்பா ஆச்சு உனக்கு?"

"புளித்துப் போயிருக்கிறேன் அம்மா. நெஞ்செரிச்சல்."

"பசியா?"

"பசியில்லை. ஒரே மாதிரிச் சாப்பாடு. வேறு ஏதாவது கொடுங்கள்."

"வேறன்னா எது?"

"அந்தச் சொல்லுக்கு எனக்கு அனுமதி இல்லை."

குமிழை அமைத்தவர்கள் கலனின் அகராதியிலிருந்து மீன் என்ற சொல்லையே எடுத்துவிட்டிருந்தார்கள். திலகவதிக்கு அது மறந்தே போயிருந்தது. வேறு ஏதாவது என்றால் தோட்டத்திலேயே வேறு ஏதாவது என்று எண்ணிக்கொண்டாள். வீடு வீடாகச் சொல்லியனுப்பி வாழைத்தண்டையும் வடித்த சோற்றையும் கூடை கூடையாகக் கொட்டச் செய்தாள். கலன் இன்னும் புளித்தது. தொட்டிலின் சூடு இறங்கியது. குழந்தையின் கைகால் சில்லிட்டது.

"இவளை அவர் வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிடறேன்மா" என்றாள் உமையாள், குழந்தையை மார்போடு அணைத்தபடி.

"அந்தக் குளிர் சுரங்கத்துலயா? அதுக்கு இங்கயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திலகவதி தன் போர்வையையும் கழற்றி அவர்கள்மேல் போர்த்தினாள்.

அன்றைக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் குழந்தை பார்க்க ஒரு பட்டாளமாக வந்து இறங்கினார்கள். வந்து உட்காரவில்லை, வெளியே செம்புழுதிப் புயல் கிளம்பி, சுரங்கக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. புயல் அடங்கும்வரை திறக்காது. சீராகக் கொண்டுவந்த பொரித்த மீனையும் கருவாட்டையும் இந்தப் பக்கம் யாரும் தொடாததால் வந்தவர்களே தின்றார்கள். கடலரசனின் தாய் பூங்கோதை மெல்ல வந்து நின்றாள்.

"சம்பந்தி, எவ்வளவு நேரந்தான் அடக்கறது? உங்க சட்டம் எங்க வயித்துக்குத் தெரியுமா?"

திலகவதி தொட்டிலைப் பார்த்தாள். கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வரிசை நீண்டது. மீன் முள்ளும் தலையும் அடுக்களைக் குழாயில் போயின. இருக்கிற கொஞ்ச உயிரும் கலனுக்குப் போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள்.

புயல் நாள்கணக்கில் வீசியது. அது ஓய்வதற்குள் ஒரு காலையில் அடுப்பு குப்பென்று பற்றி, நீலமாய் நிமிர்ந்து நின்றது. தொட்டில் கதகதத்தது. குழந்தை வீரிட்டு அழுதது. அத்தனை நாளாய் அழத் தெம்பில்லாத பிள்ளை. உமையாள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். விரலிடுக்கில் சிரிப்பும் தெரிந்தது.

"நெஞ்செரிச்சல் போயிற்று அம்மா" என்றது கலன். "கீரை தனியாக வந்தால் புளிக்கிறது. அது தனியாக வந்தால் காந்தும். இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குச் சுகம்."

"எங்க கலனும் காந்தித்தான் கிடக்கு சம்பந்தி" என்றாள் பூங்கோதை தாழ்ந்த குரலில். "வெளியில சொல்ல வெக்கம்."

புயல் ஓய்ந்ததும் குழாய்களை இணைக்கச் சொல்லித் திலகவதியே முன்மொழிந்தாள். எதிர்ப்பே இல்லை. பழைய சட்டம் போயிற்று. கலனின் அகராதிக்கு மீன் திரும்பி வந்தது.

மறுநாள் கடலரசன் வந்தபோது அவளே வாசலுக்கு வந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு அத்தை."

"மீன்தானே?"

"மீன்தான்."

அவள் முகம் மலர்ந்தது. கழிப்பறைக் கதவைத் தானே திறந்துவிட்டு, "நிதானமா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

வெளியே வந்தவன் மகளைக் கொஞ்சிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். திலகவதி உள்ளே போனாள். நீலச் சுடரில் வெந்நீர் தளதளத்துக்கொண்டிருந்தது. மனசு அப்படியொரு நிம்மதியாக இருந்தது அவளுக்கு. இனி இவர்கள் வேறு நாம் வேறு என்பது இல்லை என்று எண்ணிக்கொண்டாள். அலமாரியில் அடுக்கியிருந்த டம்ளர்களுக்கு நேரே நீண்ட கை, தானாகவே அவற்றைத் தாண்டிப் போய், மாப்பிள்ளைக்கென்று மூலையில் தனியே கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்தது.