இறக்கி விட ஆள் இல்லை

விசில் என்கிறவனின் கிடங்குக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கடற்கரையில் ஆளே இல்லை. காற்று மணலை வாரி வாரி முழங்காலில் அடித்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அதைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

வந்த காரியம் சின்னது. போன வருடம் இந்தக் கரையில் செத்துப்போன என் மாமாவின், அதாவது அக்கா புருஷனின், பட்டத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். குழந்தைகள் விடுகிற பட்டம் இல்லை. ஓர் அறை அகலம் இருக்கும். காற்றடைத்து வானத்தில் ஏற்றி, கயிறுகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் பலகையோடு கடல்மேல் சீறிப் போகிற பட்டம். மாமாவுக்கு அதில் பைத்தியம். எனக்கும் அவர்தான் பழக்கிவிட்டார்.

அந்த விளையாட்டில் கடலில் கத்தினால் கேட்காது என்பதால் எல்லாம் சைகைதான். கட்டை விரலை உயர்த்தினால் 'ஏத்து', பட்டத்தைப் பிடித்திருக்கிறவன் விட்டுவிடுவான். உள்ளங்கையால் தலையைத் தட்டிக்கொண்டால் 'என்னை இறக்கி விடு', கரையில் நிற்கிறவன் வந்து பட்டத்தைப் பிடித்து அடக்க வேண்டும். அக்கா வீட்டில் அவரை வறுத்தெடுக்கும்போதெல்லாம் மாமா பேசாமல் தலையைத் தட்டிக்கொள்வார். "என்ன, ஐயாவ இறக்கி விடணுமாக்கும்?" என்று அவள் சிரித்துவிடுவாள். சண்டை அதோடு முடிந்துபோகும்.

விசில்தான் இங்கே பட்டம் பழக்குகிறவன். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் அந்தப் பெயர். ரேடியோவை அலறவிட்டு, காதில் பஞ்சையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிடங்கு பூராவும் ஈர ரப்பர் நாற்றம்.

ரேடியோவையும் மீறி ஒரு சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

"என்ன அது?"

"கூரைத் தகரம். காத்துல அடிக்குது." என் முகத்தைப் பார்க்காமல் மூலையிலிருந்து மாமாவின் பையை இழுத்துப் போட்டான். "தனியா ஏத்தாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன் தம்பி. கேட்டாரா? எல்லாம் திமிரு."

திமிர். வருடம் பூராவும் அந்த ஒரு வார்த்தையைத்தான் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமல், பலத்த காற்றில் தனியாகப் பட்டம் ஏற்றி, அலைத்தடுப்புச் சுவரில் மோதிச் செத்தார் என்று விசில் போலீஸில் சொன்னான். ஊரும் அதையே பாடியது. போன வாரம் அக்கா மகள் என்னிடம் கேட்டாள்: "அப்பாவுக்கு எங்கள விட பட்டம்தான் முக்கியமா மாமா?" எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"தனியா ஏத்தறதுக்கும் ஒரு முறை இருக்குய்யா," என்றேன். "எனக்கு அதச் சொல்லிக் குடுத்ததே அவருதான். அதே காத்து, அதே எடம். ஏத்திக் காட்டறேன். வாய மூடிக்கிட்டுப் பாரு."

"வேணாம் தம்பி." அவன் குரல் கம்மியது. "இன்னைக்கு வேணாம்."

கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்?

காற்று போகிற திசையில் ஆளோ கல்லோ இல்லை, சுவர் வெகு தள்ளி ஒதுங்கியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பட்டத்தில் காற்றடித்து, அழுத்திப் பார்த்தேன், கசியவில்லை. கயிறுகளை மணலில் நீட்டி, ஒவ்வொன்றையும் விரலால் நீவிக்கொண்டே போய்ச் சிக்கலோ இடம் மாறலோ இல்லை என்று உறுதி செய்தேன். ஆபத்தில் எல்லாவற்றையும் உதறிவிடுகிற அவசரக் கொக்கியை ஒருமுறை தள்ளிப் பார்த்துத் திரும்ப மாட்டினேன். பட்டத்தின் ஒரு நுனியை மடித்து அதன்மேல் மணலைக் குவித்தேன். ஆள் பிடிப்பதற்குப் பதில் அந்த மணல்தான் பிடிக்கும். பட்டத்துக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. காற்று முழுதாக அள்ளி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பக்கவாட்டில், காற்றின் ஓரத்தில் நின்று மெல்லப் பின்னால் நகர்ந்தால் கயிறு விறைக்கும், மணல் சரியும், பட்டம் அடங்கிய மாடு மாதிரி எழும்பும்.

நகர்ந்தேன். கயிறு விறைத்தது.

மணல் சரியவில்லை.

குவியல் குவியலாகவே கிடந்தது. மடித்த நுனி தானாகப் பிரிந்து, பட்டம் நிமிர்ந்து நின்றது. அந்தக் காற்றிலும் அசையவில்லை. தேர்ந்த கை ஒன்று பிடித்தால்தான் அப்படி நிற்கும்.

"விசிலு! விடுய்யா அத!" என்று கத்தினேன்.

"தம்பி..."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நான் இங்கதான் நிக்கறேன்."

பட்டத்தின் அடியில் மணல் இரண்டு இடங்களில் பாதம் பாதமாக அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

பிடித்திருக்கிறவர் கட்டை விரலைப் பார்க்காமல் விடமாட்டார். வேறு வழி தெரியவில்லை.

கட்டை விரலை உயர்த்தினேன்.

விட்டது.

பட்டம் அலுங்காமல் குலுங்காமல் ஏறித் தலைக்குமேல் நின்றது. ஏற்றி முடித்த அந்த நிமிடமே கடல் பக்கம் கறுத்தது. காற்று இரண்டு மடங்காக வந்து இழுத்தது. என் கால்விரல்கள் மட்டும்தான் மணலில் இருந்தன. கை பழக்கதோஷத்தில் தலைக்குப் போனது. தட்டினேன்.

விசில் உள்ளங்கையைக் காட்டினான். 'இரு, வர்றேன்.'

வரவில்லை. அவன் என்னைப் பார்க்கவும் இல்லை. என் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கையை இறக்கிவிட்டேன்.

தட். தட். தட்.

என் தோளை ஒட்டிக் கேட்டது. ஈரத் தலையில் உள்ளங்கை அடிக்கிற சத்தம்.

விசில் முணுமுணுத்தான். அந்தக் காற்றில் அது காதில் விழுந்திருக்கவே கூடாது. விழுந்தது.

"அவரு நல்லாத்தான் ஏத்தினாரு. நல்லா ஓட்டிட்டுக் கரைக்கும் வந்துட்டாரு. காத்து ஏறிடுச்சு, தலையத் தட்டினாரு. நானும் வர்றேன்னு கை காட்டினேன். என்னக் கேக்காம ஏத்தினாருல்ல... கொஞ்ச நேரம் தட்டட்டும்னு... நின்னுட்டேன்..."

கை காட்டிவிட்டால் நம்பி நிற்க வேண்டும். இந்த விளையாட்டில் அதுதான் முறை. இறக்க ஆள் வருகிறான் என்று தெரிந்தபின் யாரும் கொக்கியைத் தள்ளிப் பட்டத்தை நாசமாக்கமாட்டார்கள். மாமா இந்தப் பாவியை நம்பித் தலையைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார், காற்று வந்து தூக்குகிறவரைக்கும்.

நான் நம்பவில்லை. கொக்கியைத் தள்ளினேன். பட்டம் உயிர் போனதுபோல் துவண்டு மணலில் விழுந்தது.

பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். "திமிருன்னாடா சொன்ன? அவரு பொண்ணு மூஞ்சியப் பாத்து இத ஒருநாளாவது சொல்லியிருப்பியா? நீ நல்லா இருப்பியா?"

"தினமும் தட்டறாரு தம்பி," என்றான். உதடு கோணியது. "ஒருநாள்கூட விடல. தினமும்..."

என்னை உதறிவிட்டுக் கிடங்குக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

பட்டத்தைச் சுருட்டிப் பையில் திணித்தேன். அதற்குள் காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கம்பத்துக் கொடி தொங்கியது. கிடங்கின் கூரையை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தகரமே இல்லை. சிமெண்ட் கூரை.

பின் சீட்டில் பையைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். நெடுஞ்சாலைக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, மாமா மேல தப்பு இல்ல. எல்லாம் முறையாத்தான் செஞ்சாரு. இறக்கி விடச் சொல்லிக் கேட்டிருக்காரு. அந்த நாய்தான் வேணும்னே வரல."

அழுவாள் என்று நினைத்தேன்.

"டேய்," என்றாள் மெல்ல. "உங்கூட யாரு?"

"யாரும் இல்லையே."

"அப்ப தலையத் தட்டறது யாருடா?"

காரை ஓரங்கட்டினேன். எஞ்சினை நிறுத்தினேன்.

தட். தட். தட்.

பின் சீட்டிலிருந்து.

கீழே இறங்கிக் கதவைத் திறந்து, பட்டத்தைப் பிடிக்கப் போகிறவன் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி நின்றேன். "வாங்க மாமா, நான் இறக்கி விடறேன்."

சத்தம் நிற்கவில்லை. பையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என்னையா கூப்பிடுகிறார்? கை காட்டியவன் நானில்லையே.

"அக்கா," என்றேன். "வர லேட்டாகும்."

காரை விசிலின் கிடங்குப் பக்கம் திருப்பினேன். பின்னால் தட்டுவது நின்றது.