பதினேழாம் எண்

பழைய கட்டடத்தின் மாடியில் மாலை வகுப்பு. மழையில் நனைந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். கடைசி வரிசையின் மூலைக் கணினி மட்டும் காலியாக இருந்தது. அங்கே உலராத துணியின் வாடை. என் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குக் கதவு எண் மாதிரி, கணினிக்கு ஐபி முகவரி," என்றார் சார். "அனுப்புறது அதை வச்சுத்தான் போய்ச் சேரும். ஒரே எண்ணை ரெண்டு பேர் வச்சுக்கிட்டா வம்புதான். யாரு முந்திக்கிட்டுப் பதில் சொல்றாங்களோ, மத்தவங்க அவங்களை நம்பிடுவாங்க."

அன்றைய பயிற்சியில் முகவரியின் கடைசி எண்ணை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பதினேழை நினைத்தேன். சரிபார்க்காமல் எதையும் செய்ய எனக்கு வராது. அந்த எண் யாரிடமாவது இருக்கிறதா என்று பார்க்க, முதலில் அதற்கு ஓர் அழைப்பு அனுப்பினேன். பதில் இல்லை. சந்தேகம் தீராமல் மறுபடியும் அனுப்பினேன். இல்லை.

எடுத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் திரையில் எச்சரிக்கை வந்தது: இந்த முகவரி வேறொரு கணினியின் பயன்பாட்டில் உள்ளது.

"சார், கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். பதிலே வரல."

"பதில் வரலன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமாப்பா? தூங்கிட்டு இருந்திருக்கும். நீ போய் எழுப்பி விட்டுட்ட."

வகுப்பே சிரித்தது. யாரென்று கண்டுபிடிக்க, மற்ற கணினிகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார். எல்லாம் அணைந்தன. என்னுடைய திரை மட்டும் எரிந்தது.

எச்சரிக்கை போகவில்லை.

சார் என் கணினியின் கம்பியைப் பிடுங்கினார். "வீட்டுக்குப் போ," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?" அக்காவின் குரல்.

"நான்தான்க்கா."

"நான்தான்னா? என் தம்பி அப்பவே வந்துட்டானே."

உள்ளே, என் அறையில், விசைப்பலகையின் சத்தம்.

அது நின்றது.

"அக்கா, விளையாடாத. கதவைத் திற."

"என் தம்பின்னா சொல்லு பாப்போம். சின்ன வயசுல என்னை என்னன்னு கூப்பிடுவ?"

எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"குண்டூசி," என்றது என் குரல், கதவுக்கு உள்ளேயிருந்து.

அக்கா சிரித்தாள். நான் கதவை அறைந்தேன். என் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கதவின் அடியிலிருந்து உலராத துணியின் வாடை வந்தது.

"வெளிய சத்தத்தையே காணோம்டா," என்றாள் அக்கா. "யாரும் இல்ல போல."